கேழ்வரகுக் காவலும் உன் பி.ஏ. படிப்பும்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டினத்தில் பஸ் ஏறும்போது நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "நைனா, போவட்டுமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று கேட்டாய். நான் என்ன செய்தேன்? இந்த வருஷம் புளி காய்ப்புக் குறைச்சல், வருகிற சரக்கிலும் கொட்டைதான் அதிகம் என்று ஆரம்பித்து, பஸ் கிளம்புகிற வரைக்கும் விடாமல் பேசித் தீர்த்தேன். நீயும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாய். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு சிரிப்புச் சிரித்தாய் பார், உங்கள் வண்டவாளமெல்லாம் எனக்குத் தெரியும் என்பது போல, அந்தச் சிரிப்பு என்னை நிம்மதியாகச் சோறு தின்ன விடவில்லை. உன் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களிடம் எரிந்து விழுந்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சாவுகாருக்குப் பித்தம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இன்றைக்கு வியாழன். இனியும் தள்ளினால் உன் காலேஜுக்குப் பதில் எழுதுகிற கெடு தாண்டிவிடும். அதனால் மண்டியை மத்தியானமே சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் தொழில் அப்படி, என்ன செய்ய? புளி மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் இல்லை. கையின் மேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். வாய் மட்டும் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். வயசு காலம் முழுக்க இதையே செய்து, வீட்டிலும் எனக்கு அப்படித்தான் வருகிறது. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்ல நாக்கு வளைவதில்லை. இந்தக் கடிதத்தில் துண்டு கிடையாது. மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு, சரோஜாவுக்குப் படித்துக் காட்டு, பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டினாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

விஷயத்தை முதலில் ஒழுங்காக வைத்துக்கொள்கிறேன், எனக்கே தெளிவதற்காக. உனக்கு முப்பத்திரண்டு வயசு. தேன்கனிக்கோட்டைக்கு மேற்கே காட்டோரத்தில் இருக்கிற ஊரில், எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பள்ளிக்கூடத்துக்கு நீதான் தலைமை டீச்சர். இன்னும் மூன்று நாலு வருஷத்தில் அதை ஹைஸ்கூல் ஆக்கப் போகிறார்கள். ஆக்கிவிட்டால் பி.ஏ.யும் பி.டி.யும் முடித்தவர்தான் தலைமையில் உட்காரலாம். நீ படித்தது எஸ்.எஸ்.எல்.சி.யும் டீச்சர் டிரெயினிங்கும். அதற்கு மேல் இண்டர்மீடியட்டை வேலை பார்த்துக்கொண்டே பிரைவேட்டாக எழுதிப் பாஸ் பண்ணினாய். பி.ஏ.யையும் அப்படியே எழுதேன் என்று நான் சொன்னதற்கு, நான் எடுப்பது கணக்கு நைனா, வாத்தியார் இல்லாமல் வராது என்றாய். பெங்களூர் பக்கம்தானே என்றால், அது மைசூர் ராஜ்யத்துப் படிப்பு, அதை இங்கே ஒத்துக்கொள்ள வைக்க ஆபீஸ் ஆபீஸாக நடக்க வேண்டும் என்றாய். இப்போது மெட்ராஸில் ஒரு பெண்கள் காலேஜில் இடம் கொடுத்திருக்கிறார்கள். போனால் பி.ஏ.வுக்கு இரண்டு, பி.டி.க்கு ஒன்று என்று மூன்று வருஷம், சம்பளமில்லாத லீவு, ஹாஸ்டல் வாசம். இங்கே புருஷன், ஏழு வயசுப் பெண் சரோஜா, உன் பள்ளிக்கூடம். செலவைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். அதை நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசி முடித்தாயிற்று.

நீ இந்தப் படிப்பை எதற்காகக் கேட்கிறாய் என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்ள ஆசை என்கிறாள் உன் அத்தை. எனக்கு நிஜக் காரணம் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்.

அது ஒரு கார்த்திகை மாதம். தீபாவளிக்கு உன்னால் வர முடியவில்லை என்று உன் அம்மா பலகாரம் கட்டிக் கொடுத்தாள். விடிவதற்கு முன்னேயே முதல் பஸ் ஏறி, தேன்கனிக்கோட்டையில் உன் வீட்டுக்குப் போனால் பூட்டியிருக்கிறது. சரி, பள்ளிக்கூடத்திலேயே பார்த்துக்கொள்வோம் என்று அந்த ஊருக்கு நடந்து போனேன். மணி பத்தைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. வாசல் படியில் கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டெப்டி இன்ஸ்பெக்டர் என்று அவரே சொன்னார். நீங்கள் யார் என்று கேட்டார். டீச்சரின் தகப்பன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை, புளி வியாபாரி என்றேன். அதுவும் உண்மைதானே. இரண்டு பேரும் ஒரே படியில் உட்கார்ந்து உன்னை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். மனசுக்குள் உன்னை நான் திட்டாத திட்டில்லை.

நீ சந்தையை முடித்துக்கொண்டு, பதினொன்றரைக்குப் பையும் குடையுமாக நிதானமாக வந்தாய். உன் பின்னாலேயே பிள்ளைகள் நாலா பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள், அப்போதுதான் முகம் கழுவின ஈரத்தோடு. அப்புறம்தான் எனக்குச் சங்கதியே புரிந்தது. கேழ்வரகு கதிர் பிடித்துவிட்டால் காட்டிலிருந்து யானை இறங்கும். அந்த ஊரில் அவரவர் விதைத்த கொல்லைக்கு அவரவர் குடும்பமே காவல். மரத்தின் மேல் பரண் கட்டி, விடிய விடியத் தகரம் தட்டுகிறதும் தீவட்டி பிடிக்கிறதும் பிள்ளைகள் வேலை. பகலெல்லாம் உழைத்த பெரியவர்கள் கண் அசந்துவிடுவார்கள் என்று பிள்ளைகளை ஏற்றிவிடுவார்கள். உனக்கு முன்னால் இருந்த வாத்தியார், தூங்குகிற பிள்ளைகளைப் பிரம்பால் எழுப்பினாராம். நீ பிரம்பை எடுக்கவில்லை. அறுப்பு முடிகிற வரைக்கும் பள்ளிக்கூடத்தையே மத்தியானத்துக்குத் தள்ளி வைத்துவிட்டாய். காலையில் தூங்கி எழுந்து, களி தின்றுவிட்டு, தெம்பாக வந்தார்கள். சாயங்காலம் இருட்டுவதற்குள் பாடத்தை முடித்து அனுப்பினாய்.

"யாரைக் கேட்டு நேரத்தை மாத்தினீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குரலில் சூடு இருந்தது.

"யானையைக் கேட்டு, சார். அதுங்க பகல்ல வர ஒத்துக்கிச்சின்னா நானும் பத்து மணிக்கே மணி அடிச்சிடறேன்."

பாப்பா, இந்த வாய் உனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் அம்மா அடிக்கடி என்னை முறைத்துக்கொண்டே கேட்பாள். அன்றைக்கு எனக்கு உயிரே போய்விட்டது, ஆனால் உள்ளுக்குள் எப்படிப் பூரித்துப் போனேன் என்று உனக்கு இதுவரைக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். பெருமையில் எனக்கு அங்கேயே எழுந்து நின்று இவள் என் மகள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்த மனுஷரும் கெட்டவரில்லை. சிரித்துவிட்டார். உள்ளே வந்து பிள்ளைகளைக் கணக்குக் கேட்டார். ஒருவன் தெலுங்கில் கூட்டினான், ஒருத்தி கன்னடத்தில் பெருக்கினாள், விடையை எல்லோரும் தமிழில் சொன்னார்கள், ஒன்றும் பிசகவில்லை. பாடம் நன்றாக நடக்கிறது என்று அவரே எழுதினார். கிளம்பும்போதுதான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாக அந்த வார்த்தையைச் சொன்னார், படியில் இருந்த என் காதிலும் விழுந்தது. "நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லலம்மா. ஆனா இதை முடிவு பண்ற இடத்துல நீங்க இல்ல. பி.ஏ., பி.டி. முடிச்ச ஹெட்மாஸ்டர் ஒருத்தர் எழுதிக் கேட்டா மேல யோசிப்பாங்க."

அடுத்த வாரமே உத்தரவு வந்தது, பழையபடி பத்து மணி. நீ அடம் பிடிக்கவில்லை, அழவுமில்லை. பத்து மணிக்கு மணி அடித்தாய், பாதிப் பலகை காலியாக இருக்க, வந்தவர்களுக்குப் பாடம் நடத்தினாய். அறுப்பு முடிவதற்குள் சில பிள்ளைகள் ஒரேயடியாக நின்றுபோனார்கள். பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் நீ கேட்டது பட்டுப் புடவை அல்ல, கிருஷ்ணகிரியில் இண்டர்மீடியட் புத்தகம் பழசாகக் கிடைக்குமா பாருங்கள் நைனா என்றாய். நான் உன்னிடத்தில் மெச்சுகிற குணம் இதுதான். கோபம் வந்தால் நானெல்லாம் கத்தித் தீர்த்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவேன், காலையில் அது எங்கே போனது என்று எனக்கே தெரியாது. நீ கத்தவில்லை, கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அதை வைத்தே இரண்டு வருஷம் படித்தாய். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஒரு கையில் புத்தகம் இருந்தது என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். குழம்பு பல நாள் தீய்ந்துபோனதையும் சொன்னார், குறையாக அல்ல.

மாப்பிள்ளையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தபாலாபீஸ் குமாஸ்தா, அதிர்ந்து பேசாத மனுஷர், இவர் உன்னை எப்படி மேய்க்கப் போகிறார் என்று கல்யாணத்தின்போது கவலைப்பட்டேன். போன மாசம் அவரே என்னைத் தேடி மண்டிக்கு வந்தார். மூட்டை மேல் உட்கார்ந்து, கீழே சிந்திய புளியங்கொட்டையைப் பொறுக்கி ஓரமாகச் சேர்த்தார். அப்புறம், "சமைக்க எனக்குத் தெரியும் மாமா, சரோஜாவையும் பாத்துக்குவேன். அவளை நிறுத்தி மட்டும் வெச்சிடாதீங்க. நின்னுட்டாளுன்னா அவ மனசு நம்ம யார்கிட்டயும் இருக்காது" என்றார். இப்படி ஒருவரைத் தேடிப் பிடித்தது நான்தான் என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அவளுக்கு அந்தப் பெருமையெல்லாம் ஏறவில்லை.

உன் அம்மாவின் கட்சி உனக்குத் தெரியும். பெண் பிள்ளைக்கு இரண்டு ஜடை பின்னிவிட வேண்டிய வயசில் தாய்க்காரி ஜடை பின்னிக்கொண்டு காலேஜுக்குப் போவாளா என்கிறாள். ஓசூர்ப் பக்கமெல்லாம் மைசூர் ராஜ்யத்தோடு சேரப் போகிறது என்று பஸ்ஸில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, நாளைக்கு மெட்ராஸ் படிப்பு அங்கே செல்லாமல் போனால் என்ன செய்வாள் என்று அதையும் சேர்த்துக்கொண்டாள். நான் சிரித்தேன். ஆனால் அவள் கேட்கிற எல்லாவற்றையும் சிரித்துத் தள்ள முடியாது. மூன்று வருஷம் கழித்து அதே ஊருக்கு உன்னைப் போடுவார்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பதினெட்டு வயசுப் பெண்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். இங்கிலீஷில் மடமடவென்று பாடம் சொல்வார்கள், உனக்கோ கணக்கென்று வந்தால் வாய் தெலுங்கில்தான் முணுமுணுக்கும். முதல் ஆறு மாசம் நீ பின்தங்குவாய், அந்தக் குழந்தைகள் உன்னைப் பார்த்துச் சிரிக்கும், நீ ராத்திரி அழுவாய். அழுதால் எனக்கு எழுது, மாப்பிள்ளைக்கு எழுதாதே, அவர் உடனே ரயில் ஏறிவிடுவார். சரோஜா முதலில் ஏங்குவாள், அப்புறம் பழகிக்கொள்வாள். அவள் பழகிக்கொள்வதுதான் உனக்கு அதிகமாக வலிக்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் இவை எதுவும் உன்னைத் தடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து நீ சொன்னாயே, அந்த ஒன்றுதான் உன்னைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பத்து மணிக்கு வராத பிள்ளைகளை நீ விட்டுவிடுகிறதில்லை. உத்தரவுக்குப் பிறகும், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர்களைத் தனியாக உட்கார வைத்து, உன் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பாடம் சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறாய். நீ போய்விட்டால் அதை யார் செய்வார்கள்? மூன்று அறுப்புக் காலம் போய்விடும். அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகளே படிப்பை விட்டுவிடும். அவர்களுக்காகப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பி, அவர்களையே நட்டாற்றில் விடுவதா என்று கேட்டாய்.

இனி எழுதப் போவதுதான் துண்டுக்கடியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, புளி பார்க்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கோட்டை பஸ் ஏறினேன். உன் வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் போனேன், உள்ளே வரவில்லை. நேராக உன் பள்ளிக்கூடத்து ஊருக்குப் போய்த் திம்மராயப்பனைப் பார்த்தேன். நின்றுபோன பிள்ளைகளில் இரண்டு பேர் அவர் வீட்டுப் பிள்ளைகள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். நான் எதற்குப் போனேன் தெரியுமா? நீங்கள் பத்துப் பேர் வந்து போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவள் நின்றுவிடுவாள் என்று கேட்கத்தான் போனேன். கேட்டும்விட்டேன். என் வாயால் சொல்லாமல் அவர்கள் வாயால் உன்னை நிறுத்தப் பார்த்தேன்.

அவர் எழுந்து போய் இன்னும் நாலைந்து பேரைக் கூட்டி வந்தார். கன்னடத் தெரு ஆட்களும் இருந்தார்கள், தெலுங்குத் தெரு ஆட்களும் இருந்தார்கள். அந்த இரண்டு தெருவுக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரியும், அடுத்த தெருக்காரன் காவலில் என் கேழ்வரகு நிற்குமா என்று பேசுகிறவர்கள். ஒன்றாகக் குந்தினார்கள். நீ போகப் போகிறாய் என்பது தபாலாபீஸ் வழியாக ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எதற்கு இந்தப் படிப்பு என்று மட்டும் ஒரு பெரியவருக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு என்று முடிவு பண்ணுகிற இடத்துக்கு வர அது வேண்டும் என்று எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். "எங்க ஊரு மணிய அடிக்க மெட்ராஸ்ல போயா கேக்கணும்?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் திம்மராயப்பன் சொன்னார். இந்த அறுப்பிலிருந்து அவரவர் கொல்லைக்கு அவரவர் காவல் என்பது கிடையாதாம். இரண்டு தெருவும் சேர்ந்து மொத்தக் கொல்லைக்கும் ஒரே காவல், வீட்டுக்கு ஒரு ஆம்பிளை முறை வைத்து ஏற வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் யாரும் பரண் ஏறக் கூடாது, ஏற்றினால் அந்த வீட்டுக்காரன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று கூட்டம் போட்டு, சண்டை போட்டு, கோயிலில் வைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தாங்களே உன்னைப் போகச் சொல்கிற மாதிரி ஆகிவிடுமோ என்ற சங்கடம்.

"எங்க பிள்ளைங்களுக்காக அவங்க பள்ளிக்கூடத்து நேரத்த மாத்துனாங்க, சாவுகாரே. நாங்க காவல மாத்திக்கக் கூடாதா? போயிட்டு வரச் சொல்லுங்க. வேற ஊருக்கு அவங்களப் போட்டா, ரெண்டு தெருவும் சேலத்துக்குப் போயி ஜில்லா ஆபீஸ் வாசல்ல குந்திக்குவோம்."

பாப்பா, பலபேரோடு பேரம் பேசியவன் நான், அந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். புளி எதுவும் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். எத்தனை கலெக்டர் வந்து சொல்லியிருந்தாலும் அந்த இரண்டு தெரு ஒன்றாகச் சேர்ந்திருக்காது. உன்னிடம் அதிகாரம் இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். இல்லாமலேயே நீ செய்தது இது.

ஆக, உன்னைத் தடுத்த காரணம் போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு காரணம் இருக்கிறது, அதை நீ கேட்கவில்லை, எனக்குத்தான் தெரியும். எனக்கு எழுபது நெருங்குகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது, உன் அம்மாவிடம் சொல்லவில்லை. கோட்டை என்றால் காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் உன் முகத்தைப் பார்த்துவிடலாம். மெட்ராஸ் அப்படியில்லை. நீ பட்டம் வாங்கி வரும்போது நான் இருப்பேனா என்ற பயத்தில்தான் பஸ் நிறுத்தத்தில் புளியைப் பற்றிப் பேசினேன். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றியோ, பெஞ்சைப் பற்றியோ, இங்கிலீஷைப் பற்றியோ எனக்கு ஒரு கவலையும் இல்லை. நீ பார்த்துக்கொள்வாய். என்னால் உன்னைப் பிரிந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் அங்கே குந்தியிருந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். பகலெல்லாம் ஏர் பிடித்துவிட்டு, மூன்று அறுப்புக்கு ராத்திரித் தூக்கத்தையும் உனக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். அவர்களுக்கு நீ யாரோ. பெற்றவன் நான், உன்னைப் பார்க்காமல் இருப்பதை மட்டும்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

போயிட்டு வா, கண்ணு.